ஸ்ட்ராட் காப்பி, லெஸ் பால் காப்பி: கேட்டதும் சொன்னதும்

எலெக்ட்ரிக் கிட்டார் காப்பிகள், அதாவது ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), கிப்சனின் லெஸ் பால் போன்ற அசல்களைப் பார்த்துச் செய்யும் மலிவான கிட்டார்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஆம்ப், எஃபெக்ட் பெடல் சமாச்சாரங்களுக்கு நான் ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன். ஸ்ட்ராட் வடிவம்தான் ஆசை, அசல் ஃபெண்டர் கட்டுப்படியாகாது. காப்பி வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்ப்பது?

தாராளமாக வாங்கலாம். 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோதே அது தொழிற்சாலையில் வேகமாகச் செய்வதற்கென்று வரைந்த கிட்டார். பலகையை வெட்டி, குடைந்து, நெக்கை (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தை) நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் கிட்டத்தட்ட வேலை முடிந்தது. இன்று கணினி வைத்து மரம் வெட்டும் இயந்திரம் இருக்கிற எவரும் அந்த உடலைச் சரியாக வெட்டிவிடுவார்கள். அதனால் உடலைப் பார்த்து மயங்காதீர்கள், நெக்கைப் பாருங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

எப்படிப் பார்ப்பது? முதலில் நெக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முனைகள் கையைக் கீறினால் மரம் சரியாகக் காயாமல் செய்திருக்கிறார்கள், பிறகு காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். முனைகளை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம், ஆனால் அந்த மரம் அதோடு அடங்குமா என்பது வேறு கேள்வி. அடுத்து, முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் குனிந்து பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் போல மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டாலோ, தடித்த அட்டையே நுழைகிற அளவு இருந்தாலோ, டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டை) திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அது ஏற்கெனவே கடைசி வரை முறுக்கிக் கிடந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒன்று விடாமல், வாசித்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், கடைக்காரர் முறைக்கத்தான் செய்வார், பரவாயில்லை. எங்காவது ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜிர்ரென்று அதிர்ந்தால் பக்கத்து ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. கடைசியாக, தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் நெக்கின் இரு ஓரங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஓரத்தை விட்டு வழுக்கி விழுவது போல இருந்தால் நெக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது.

பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி), சுவிட்ச், ட்யூனர் (கம்பியை முறுக்கும் திருகு), நட் (தலைப்பக்கம் கம்பிகள் படியும் பள்ளமுள்ள துண்டு) எல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியவை. நெக்கையும் மாற்றலாம்தான், ஆனால் நல்ல நெக் ஒன்றின் விலை பல நேரம் காப்பி கிட்டாரின் முழு விலையையே தொட்டுவிடும்.

கேள்வி: அதே பட்ஜெட்டில் லெஸ் பால் காப்பி வாங்கினால் அதே தரம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. லெஸ் பால் செய்வதில் வேலை அதிகம். மேலே மேப்பிள் மரப்பலகையைக் குவிவாகச் செதுக்க வேண்டும், நெக்கை ஒரு கோணத்தில் வைத்து ஒட்ட வேண்டும், தலைப்பகுதி பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் பைண்டிங் (ஓரப் பட்டை) ஓட வேண்டும். விலையைக் குறைக்க இதில் ஏதாவது ஒன்றில் கைவைத்தே ஆக வேண்டும். வரிவரியாக மின்னும் அந்த மேப்பிள் பல காப்பிகளில் காகிதம் போன்ற மேலொட்டுதான், சிலவற்றில் வெறும் அச்சிட்ட படம். ஒலிக்கு அதனால் கெடுதல் இல்லை, விட்டுவிடலாம்.

விட முடியாதது நெக் கோணம். பிரிட்ஜை (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பகுதியை) எவ்வளவு கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது உடலைத் தொடும் அளவு இறங்கியும் 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பி உயரமாகவே நின்றால் நெக்கைத் தப்பான கோணத்தில் ஒட்டிவிட்டார்கள். ஸ்ட்ராட் என்றால் நெக்கைக் கழற்றி அடியில் மெல்லிய தகடு கொடுத்துச் சமாளிக்கலாம். ஒட்டிய நெக்கில் அந்த வழி கிடையாது.

கிப்சன் பக்கம்தான் மனசு போகிறது என்றால் 1954-இல் வந்த லெஸ் பால் ஜூனியர் மாதிரியான காப்பிகளைத் தேடுங்கள். மேற்பக்கம் தட்டை, ஒரே ஒரு பி-90 பிக்கப், அலங்காரம் எதுவும் இல்லை. ஏமாற்ற இடம் குறைவு.

கேள்வி: ஸ்க்வையர், எபிஃபோன் எல்லாம் காப்பிக் கணக்கில் வருமா?

அசல் நிறுவனக்காரர்களே போடும் காப்பி. ஸ்க்வையர் கம்பி தயாரித்த நிறுவனம், 1965-இல் ஃபெண்டர் வாங்கியது, 1982-இலிருந்து அந்தப் பெயரில் கிட்டார் வருகிறது. எபிஃபோனை கிப்சனின் தாய் நிறுவனம் 1957-இல் வாங்கியது. மற்றவர்களின் காப்பியில் உடல் அச்சாக இருந்தும் தலைப்பகுதி மட்டும் வேறு மாதிரி இருப்பது ஏன் என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்ட்ராட், டெலி (ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டர்) உடல் வடிவங்களுக்கு வணிகமுத்திரை கேட்ட ஃபெண்டரின் விண்ணப்பத்தை 2009-இல் அமெரிக்க மேல்முறையீட்டு வாரியம் நிராகரித்தது. தலை வடிவத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதனால்தான்.

தலையில் 'கிப்சன்' என்றே எழுதி, விலை மட்டும் காப்பி விலை என்றால் அது காப்பி இல்லை, போலி. இரண்டும் ஒன்றில்லை. நேர்மையான காப்பி தன் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும். டிரஸ் ராட் மூடியில் மூன்று ஸ்க்ரூ இருந்தால் சந்தேகப்படுங்கள், கிப்சன் வழக்கமாகப் போடுவது இரண்டு.

கேள்வி: ஜப்பானில் செய்த பழைய 'வழக்கு' கிட்டார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

1977-இல் கிப்சனின் அன்றைய உரிமையாளரான நார்லின், அமெரிக்காவில் ஐபனேஸ் என்ற ஜப்பானியக் கிட்டார்களை விற்ற எல்கர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. விவகாரம் தலை வடிவம் பற்றியது. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகிவிட்டது. டொக்காய், கிரேக்கோ போன்ற மற்ற ஜப்பானியப் பெயர்கள் எல்லாம் அந்த வழக்கிலேயே இல்லை. ஆனாலும் எழுபதுகளில் ஜப்பானில் செய்த எதுவாக இருந்தாலும் 'வழக்கு' என்று பட்டம் கட்டி விலை ஏற்றுகிறார்கள். எழுபதுகளின் கடைசியில் வந்த சில உண்மையிலேயே அருமையானவை. தொடக்கத்தில் வந்த பலவற்றில் உடல் ஒட்டுப்பலகை, லெஸ் பால் காப்பியிலும் நெக் ஸ்க்ரூ போட்டது. பட்டத்துக்குக் காசு கொடுக்காமல் ஃப்ரெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மொத்த ஃப்ரெட்டும் மாற்ற வேண்டியிருந்தால் அது மலிவு இல்லை.

கேள்வி: எந்த நிறம் நல்லது?

பிடித்த நிறம்.

கேள்வி: காப்பியில் பாஸ்வுட், பாப்லர் என்று போடுகிறார்கள். அசலில் ஆல்டர். ஒலி அடிபடாதா?

காதுக்குத் தெரிகிற அளவில் அடிபடாது. பிக்கப் என்பது காந்தமும் கம்பிச்சுருளும். இரும்புக் கம்பி அதன் மேல் அசைவதைத்தான் அது மின்சாரமாக்குகிறது, மரத்தைக் கேட்க அதற்குக் காது கிடையாது.

மரம் பற்றிக் கேட்டவரே மறுபடியும்: உடலைத் தட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மரமும் வேறு மாதிரி ஒலிக்கிறதே. அனுபவசாலிகள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள்?

பொய் சொல்கிறார்கள் என்று யார் சொன்னது? தட்டினால் வேறு மாதிரி ஒலிக்கும், ஆனால் நீங்கள் கிட்டாரைத் தட்டப் போவதில்லை. லெஸ் பால் என்ற மனிதர் 1940 வாக்கில் நான்கு அங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பி கட்டி வாசித்தார். பார்க்கக் கிட்டார் போல இல்லையே என்றுதான் இரண்டு பக்கமும் ஓர் எபிஃபோன் உடலை அறுத்து ஒட்டினார். டான்எலெக்ட்ரோ கிட்டார்களின் மேலும் கீழும் இருப்பது மர நாரை அழுத்திச் செய்த அட்டை. 1969-இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த ஆம்பெக் கிட்டாரின் உடல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக். இவற்றையெல்லாம் பெரிய கலைஞர்கள் மேடையிலும் ஒலிப்பதிவிலும் வாசித்திருக்கிறார்கள்.

இன்னொருவர்: அப்படியென்றால் ஒரே மாதிரி இரண்டு ஸ்ட்ராட் ஏன் வேறு வேறாக ஒலிக்கின்றன? என்னிடமே இரண்டு இருக்கிறது.

நல்ல கேள்வி. பிக்கப் உயரத்தை அளந்தீர்களா? ஸ்க்ரூவைத் திருப்பி ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் ஒலி பருமனாகும், இறக்கினால் தெளியும். 250கே (கிலோ ஓம்) என்று எழுதியிருக்கும் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரை (ஒலியளவுக் குமிழின் அடியில் இருக்கும் மின்தடையை) மீட்டர் வைத்து அளந்தால் ஒன்று 220 காட்டும், இன்னொன்று 270 காட்டும், அதிலேயே உச்ச ஒலியின் கூர்மை மாறும். கம்பியின் வயது, நட், நெக்கின் விறைப்பு எல்லாம் இருக்கின்றன. இத்தனையையும் ஒன்றாக்கிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டு, அதற்குப் பிறகும் வித்தியாசம் மிஞ்சினால் மரத்தின் மேல் பழி போடுங்கள்.

மரத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெக் சில அதிர்வெண்களில் தானும் சேர்ந்து ஆடும், அந்த இடத்து ஸ்வரம் மட்டும் சீக்கிரம் செத்துப்போகும். கிட்டாரின் எடை மரத்தைப் பொறுத்தது. மென்மையான மரத்தில் ஸ்க்ரூ துளை சீக்கிரம் தளர்ந்துவிடும், பாஸ்வுடில் இது நிஜமான தொல்லை.

மூன்றாமவர்: உங்களுக்குக் காது சரியில்லை.

இருக்கலாம். மரப் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்கிறேன், இதைப் பற்றி இன்னும் ஒரு குவியல் வந்து கிடக்கிறது, எதையும் எடுக்கப் போவதில்லை.

கேள்வி: காப்பி ஸ்ட்ராட் வாங்கினேன், சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது. ட்யூனரை மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி நட். சுருதி சேர்க்கும்போது 'டிக்' என்று சத்தம் வந்து ஒலி சட்டென்று தாவுகிறதா? கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது. பள்ளத்தில் பென்சிலைத் தேய்த்துப் பாருங்கள், சத்தம் போய்விட்டால் காரணம் அதுதான். பள்ளத்தை அகலப்படுத்த அதற்கென்று அரம் இருக்கிறது, வீட்டில் கிடக்கும் கத்தியால் நோண்ட வேண்டாம். புதுக் கம்பியென்றால் கையால் இழுத்துத் தளர்த்தி மறுபடி சுருதி சேர்க்க வேண்டும், இதைச் செய்யாமலே பலர் ட்யூனரைத் திட்டுகிறார்கள்.

கேள்வி: வாங்கியவுடன் பிக்கப் மாற்றினால் அசல் போலவே ஆகிவிடுமா?

மேலே உயரம் பற்றிச் சொன்னேன், முதலில் அதைச் செய்யுங்கள், காசு செலவில்லை. மலிவான காப்பிகளின் பிக்கப் அடியில் செராமிக் காந்தக் கட்டை ஒட்டியிருக்கும், பழைய ஸ்ட்ராட்டில் அல்னிகோ காந்தத் தண்டுகள். வித்தியாசம் உண்டு. ஆனால் நெக் சரியில்லாத கிட்டாரில் நல்ல பிக்கப் போட்டால், சரியில்லாத நெக் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: கையை எடுத்தால் இரைச்சல், கம்பியைத் தொட்டால் குறைகிறது. பழுதா?

இல்லை. சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப் என்றால் அப்படித்தான். தொட்டால் இரைச்சல் கூடினால்தான் எர்த் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: முதல் கிட்டார் வாங்குகிறேன், எதைப் பார்க்க வேண்டும்?

முதல் கேள்வி.

கேள்வி: வணக்கம் ஐயா, ஸ்ட்ராட் காப்பி வாங்க ஆசை, என்னென்ன கவனிக்க வேண்டும்?

வணக்கம். முதல் கேள்வி. நெக்.

கேள்வி: இருபது வாட் ஆம்ப் போதுமா?

ஆரம்பத்திலேயே சொன்னேனே.

கேள்வி: நேரில் பார்க்க வழியில்லை, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். உங்கள் சோதனையெல்லாம் எப்படிச் செய்வது?

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்பக்கப் படம் எதற்கும் உதவாது. மூன்று படம் கேளுங்கள்: தலைப்பக்கத்திலிருந்து நெக் நெடுக எடுத்தது, பக்கவாட்டில் பிரிட்ஜின் உயரம் தெரிகிற மாதிரி ஒன்று, நெக் உடலில் உட்காரும் இடத்தின் நெருக்கமான படம். அந்த இடுக்கில் விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு சந்து தெரிந்தால் கேள்வி கேளுங்கள். உடல் எவ்வளவு தடிமன் என்றும் கேளுங்கள். ஸ்ட்ராட் உடல் 44, 45 மில்லிமீட்டர் இருக்கும். சில மலிவு மாடல்கள் 40 பக்கம் நிற்கும், அதில் ட்ரெமலோவின் (கைப்பிடியால் ஸ்வரத்தை அசைக்கும் பிரிட்ஜின்) அடிக்கட்டையும் குட்டையாகிவிடும், பின்னால் நல்ல இரும்புக் கட்டை வாங்கிப் போடலாம் என்றால் உள்ளே அடங்காது. செட்டப் (கிட்டாரை வாசிப்புக்குச் சரிப்படுத்தும்) செலவுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார்கள் என்று முதலிலேயே பாருங்கள், கிட்டார் வந்த அன்றே எல்லா ஃப்ரெட்டையும் வாசித்து முடித்துவிடுங்கள், அதுவரை அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடாதீர்கள்.