புடம்போட்ட பொன்னா?

கேள்வி: நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் மீண்டவர்கள் நெருப்பில் புடம்போட்ட பொன்னைப்போல் குணத்தில் உயர்ந்து வெளிவந்தார்கள் என்று ஒரு சொற்பொழிவாளர் கூறக் கேட்டேன். இது உண்மையா? அவர்களுடைய கடவுள் நம்பிக்கை என்னவாயிற்று?

பதில்: இந்த உவமை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் தோன்றுவது; உள்ளே இருந்தவர்களில் பலர் இதை ஏற்கவில்லை. இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த வேதியியலாளர் பிரீமோ லேவி, 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதன் கிளையான மோனோவிட்ஸ் முகாமில் அடிமை வேலை செய்தவர். 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை வந்தபோது அங்கே உயிரோடு இருந்த சிலரில் ஒருவர். தீராத பசி மனிதனைத் தன்னலத்துக்கே தள்ளியது என்றும், தப்பியவர்கள் சிறந்தவர்கள் அல்லர், சிறந்தவர்களே மாண்டார்கள் என்றும் அவர் எழுதினார். விடுதலைக்குப் பின்னும், இன்னொருவன் வாழவேண்டிய இடத்தில்தான் வாழ்கிறோமோ என்ற வெட்கம் அவரை விடவில்லை. குற்றம் செய்தவர்களில் பலருக்கு வராத வெட்கம், குற்றத்துக்கு ஆளானவருக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம்பிக்கையைப் பொறுத்தவரை, லேவி நாத்திகராகவே உள்ளே போனார், நாத்திகராகவே வெளியே வந்தார். ஆனால் 1944 அக்டோபரில், யாரை நச்சுவாயு அறைக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர்களின் முன்னே கையில் அட்டையுடன் ஆடையின்றி நடந்துசெல்லக் காத்திருந்தபோது, கடவுளிடம் உதவி கேட்கலாமா என்று ஒரு கணம் அவர் மனம் சபலப்பட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் அதன் விதிமுறைகளை மாற்றுவது தகாது என்று கருதி அவர் வேண்டாமலிருந்தார். பக்தியை நான் மதிக்கிறேன். எனினும் இந்த மறுப்பிலுள்ள நேர்மையைப் பக்தர்களும் மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். எழுதுவதற்காகவே கடவுள் உங்களைக் காப்பாற்றினார் என்று பின்னாளில் ஒரு நண்பர் சொன்னபோது லேவி பெரிதும் வேதனைப்பட்டார். அப்படியானால் மற்றவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லையல்லவா?

முகாமிலிருந்து மீண்ட எழுத்தாளர் எலி வீசல் சென்ற வழி வேறு. சிகெட் என்ற சிற்றூரில் யூத சமய நூல்களில் மூழ்கி வளர்ந்த அவர், 1944இல் பதினைந்து வயதில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரியில் பூகன்வால்ட் முகாமில் தந்தையை இழந்தார். முகாமில் சமய அறிஞர்கள் சிலர் கடவுளையே குற்றவாளியாக நிறுத்தி விசாரித்து, தீர்ப்புச் சொன்னபின் வழிபாட்டுக்கு எழுந்ததாக அவர் கூறியிருக்கிறார். அவருடைய பிற்கால வாழ்க்கையும் ஏறத்தாழ அப்படித்தான்: கடவுளோடு வழக்காடினார், ஆனால் வழிபாட்டை விட்டுவிடவில்லை.

சொற்பொழிவாளர் மனத்தில் கோரி டென் பூம் போன்றவர்கள் இருந்திருக்கலாம். யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகக் கைதான இந்த டச்சுக் கிறிஸ்தவப் பெண், தம் அக்காவை ராவன்ஸ்ப்ரூக் முகாமில் பறிகொடுத்தார். 1947இல் மியூனிக் நகரில் அம்முகாமின் முன்னாள் காவலர் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டியபோது, தம் கை எழவில்லை என்றும், மனத்துக்குள் ஜெபித்த பிறகே நீட்ட முடிந்தது என்றும் எழுதினார். அந்த ஜெபமும் முகாம் கற்றுத்தந்தது அன்று; ஹார்லெம் நகரில் தந்தையின் கடிகாரக் கடைக்கு மேலிருந்த வீட்டில், சிறுவயது முதலே அவர் பழகியது.