பர்ட்டன் கட்டடத்தின் வெள்ளை முகப்புக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: வட இங்கிலாந்தில் ஒரு கடைவீதியின் மூலைக் கட்டடத்தில் கீழ்த்தளத்தைக் குத்தகைக்கு எடுக்கப்போகிறேன். மாடி முகப்பு முழுக்க வெள்ளை ஓடுகள்; சில இடங்களில் விரிசல். வாசலருகே உள்ள ஒரு கல்லில் ‘ரேமண்ட் மாண்டேக் பர்ட்டன் நாட்டியது, 1932’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. விரிசலில் சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்களுக்குக் கிடைத்திருப்பது அருமையான கட்டடம். லித்துவேனியாவில் பிறந்து, 1900இல் இங்கிலாந்துக்கு வந்த மாண்டேக் பர்ட்டன், சாமானியர் வாங்கக்கூடிய விலையில் சூட் தைத்து விற்றுப் பெரும் நிறுவனத்தை வளர்த்தவர். லீட்ஸில் இருந்த நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் ஹாரி வில்சன் பல கடைகளை வடிவமைத்தார். அடிக்கல்லை நாட்டியவர்களாகப் பர்ட்டனின் பிள்ளைகளின் பெயர்களைப் பொறிப்பது வழக்கம். ரேமண்ட் அவருடைய மகன். மாடியைப் பெரும்பாலும் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். பக்கவாட்டில் மாடிக்கென்று தனி வாசல் இருந்தால், காரணம் அதுவாக இருக்கலாம். நடைபாதையை ஒட்டிய காற்றுத் துளைக் கம்பியிலும் வாசல் மொசைக்கிலும் பர்ட்டன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடிவிடாதீர்கள்.

இனி விரிசல். அந்த ஓடுகள் மெருகேற்றிச் சுட்ட களிமண் பலகைகள். இவ்வகை முகப்புகளுக்குப் பின்னால் பெரும்பாலும் எஃகுச் சட்டகம் இருக்கும். இணைப்புகள் வழியே நீர் இறங்கினால் எஃகு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பலகையை வெளியே தள்ளும். தூண் அல்லது உத்தரத்தின் போக்கிலேயே நேர்கோடாக விரிசல் ஓடினால் துருவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெருகில் மட்டும் தெரியும் மயிரிழைக் கோடுகள் பொதுவாக அவ்வளவு ஆபத்தில்லை. சிமென்ட் நோயை மறைக்கும்; பெயின்ட் உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாது. முதலில் மழைநீர்க் குழாய்களையும் கூரை ஓரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளரை அழையுங்கள். கழுவுவதற்கு மென்மையான தூரிகையும் மிதமான சோப்பும் போதும். அமிலமோ மணல் வீச்சோ பட்டு மெருகு போனால் திரும்பாது.

பழங்காலக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் இந்த முகவரியைத் தேடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்து, அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்தால், 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமையாளர் சொன்னார் என்பது உங்களைக் காப்பாற்றாது. பட்டியலில் இல்லாவிட்டாலும் கவுன்சிலின் திட்டமிடல் பிரிவைக் கேட்டுவிடுங்கள். பெயர்ப் பலகைக்கும் தனி அனுமதி தேவைப்படலாம்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் பழுதுபார்க்கும் பிரிவை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முழுப் பழுதுச் செலவையும் குத்தகைதாரர் தலையில் கட்டும் ஒப்பந்தங்கள் அங்கே சகஜம். முகப்பின் இன்றைய நிலையைப் படங்களுடன் பதிவு செய்து, ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள்.