மாந்தோப்பை விற்காதீர்கள்

போன வாரம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பையன், கூடவே தாய்மாமா. பேசியது முழுக்க மாமாதான். பையனுக்குக் கட்-ஆஃப் குறைவு, கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைக்காது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் சீட்டுக்கு அவர் பேசி வைத்திருக்கிறார். "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா எங்க அக்காவுக்கு நிம்மதியாயிடும்" என்றார்.

வழக்கம்போல ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். மதிப்பெண் குறைந்ததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வழிகள் இருக்கின்றன என்றெல்லாம். அப்போது அப்பா பையிலிருந்து ஒரு பத்திர நகலை எடுத்து மேஜையில் வைத்தார். நாற்பது சென்ட் மாந்தோப்பு. விலை பேசியாகிவிட்டதாம். முன்பணம் மட்டும் இன்னும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்லவில்லை.

ஐயா, முதலில் கணக்கைப் பார்ப்போம். கல்லூரியில் கேட்டிருப்பது வருஷத்துக்கு 1,60,000. விடுதி, சாப்பாடு 80,000. நான்கு வருஷத்துக்கு 9,60,000. லேப்டாப், போக்குவரத்து, அரியர் விழுந்தால் ஆகும் செலவு எதுவும் இதில் இல்லை. உங்கள் வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி என்றாலும், அந்தக் கட்டணச் சலுகை கவுன்சலிங்கில் எடுக்கும் சீட்டுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது. மாமா இதைச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கே தெரிந்திருக்காது. மிச்சத்துக்குக் கல்விக்கடன் என்கிறீர்கள். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். லோடு வண்டி ஓட்டி மாதம் 18,000 கொண்டுவருகிற வீடு இது. விற்ற தோப்பு திரும்பி வராது.

இனி பையன். அரை மணி நேரமாக அவன் வாயே திறக்கவில்லை. வீட்டில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டேன். "போர் மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர் பாப்பேன் சார்" என்றான். ஸ்டார்ட்டருக்குள் சுவிட்சைப் பிடித்து வைத்திருக்கும் நோ வோல்ட் காயில் போனால் என்ன ஆகும் என்று கேட்டதுதான் தாமதம், பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கிக் கையை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது, கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ஏன் தானாக ஓடுவதில்லை என்று காகிதத்தில் வரைந்தே காட்டிவிட்டான். அவன் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை என்றார் அம்மா.

அவன் வரைந்த அந்தப் படம்தான் தொழிற்சாலைகளில் பிஎல்சி, அதாவது இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி, படிக்கிறவர்களுக்கு முதல் பாடம். ஸ்டார்ட்டருக்குள் காண்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்ச் செய்கிற வேலையைத் திரையில் ஏணி மாதிரிக் கோடு போட்டு எழுதுவார்கள். கையை எடுத்தாலும் சுற்று அறுபடாமல் தாங்கிப் பிடிக்கும் அந்தத் தொடுப்பு அங்கேயும் அப்படியே வரும். இவனுக்குக் கதவு பாதி திறந்துதான் இருக்கிறது. நீங்கள் அதைச் சாத்திவிட்டு, ஒன்பதரை லட்சம் கொடுத்து வேறு கதவைத் தட்டச் சொல்கிறீர்கள்.

டிப்ளமோ, கலைக் கல்லூரி, போட்டித் தேர்வு இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள்தான், விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது அரசு ஐடிஐ. மாமா சிரித்தார். சிரிக்கட்டும்.

நான் சொல்வது பழைய ஃபிட்டர், வெல்டர் பிரிவுகளை மட்டும் அல்ல. (அவற்றுக்கும் ஒன்றும் குறைச்சல் இல்லை, அது வேறு பேச்சு.) 2022இல் தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 71 அரசு ஐடிஐகளை 'தொழில் 4.0' தரத்துக்கு, அதாவது கணினியும் ரோபோவும் சேர்ந்த புது உற்பத்தி முறைக்கு உயர்த்துவது, மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். பணிமனைக் கட்டடம் அரசுத் தரப்பில். ரோபோ, கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரம், மென்பொருள், ஆசிரியர்களுக்கான பயிற்சி பெரும்பாலும் நிறுவனத் தரப்பில். 2023இலிருந்து இந்த மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன.

அங்கே உள்ள பிரிவுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, மேனுஃபாக்சரிங் ப்ராசஸ் கன்ட்ரோல் அண்ட் ஆட்டோமேஷன், ஒரு வருஷம். சென்சார், காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் சிலிண்டர், பிஎல்சி, இயக்குபவர் பார்க்கும் தொடுதிரை எல்லாவற்றையும் கோத்து ஒரு சின்ன உற்பத்தி வரிசையையே ஓடவைப்பார்கள். மற்றது இண்டஸ்ட்ரியல் ரோபாட்டிக்ஸ் அண்ட் டிஜிட்டல் மேனுஃபாக்சரிங், இதுவும் ஒரு வருஷம்தான். ரோபோவின் கையை எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கையில் பிடிக்கும் டீச் பெண்டன்ட் வழியாக ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்போது ரோபோ நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நகராது. பெண்டன்ட்டின் பின்னாலிருக்கும் சுவிட்சை விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதும் கையில் பிடித்துப் பழகுவதும் ஒன்றாகாது. நிறையப் பொறியியல் கல்லூரிகளில் இந்தக் கருவி கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது, பார்வையாளர் வரும் நாளில் துடைப்பார்கள்.

செலவு? அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடநூல், சீருடை, சைக்கிள், பஸ் பாஸ். உங்கள் பையன் ஆறாவதிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் என்றீர்கள். அப்படியானால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு அவன் விண்ணப்பிக்கலாம், ஐடிஐக்கும் அது உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, அதில் இவன் நன்றாகவே வாங்கியிருக்கிறான்.

"படிச்சிட்டு எங்கே வேலைக்குப் போவான்?" என்று மாமா கேட்டார். அவர் கேட்டதில் உருப்படியான கேள்வி இதுதான்.

ஓசூரை நினைத்துப் பாருங்கள். நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அது தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலை. பின்தங்கிய பகுதி என்று சலுகை கொடுத்து, அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலமும் சாலையும் தண்ணீரும் ஏற்பாடு செய்த பிறகுதான் ஆலைகள் வந்தன. 1984இல் டாடாவும் அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாக ஒரு கைக்கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸின் முதல் எழுத்துகளையும் தமிழ்நாட்டின் முதல் எழுத்துகளையும் சேர்த்ததுதான் டைட்டன் என்ற பெயர். இன்றைக்கும் அதில் டிட்கோவின் பங்கு சுமார் 28 சதவீதம், டாடா குழுமத்தின் பங்கைவிட அதிகம். கடிகாரக் கடையில் அந்தப் பெயரைப் பார்க்கிற பலருக்கு இது தெரியாது. கடிகாரம் கோக்க அவர்கள் பட்டதாரிகளைத் தேடவில்லை. பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, வேலையில் வைத்தார்கள். ஒரு கடிகார ஆலை வந்தால் அதற்கு அச்சு செய்ய ஒருவர், முலாம் பூச ஒருவர், கேன்டீன், வேன், வாடகை வீடு என்று ஊரே மாறும். ஓசூரில் நடந்தது அதுதான். இப்போது அங்கே டிவிஎஸ், அசோக் லேலண்டோடு மின் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தரும் டாடா எலக்ட்ரானிக்ஸும் இருக்கின்றன. போச்சம்பள்ளியில் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலை, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

அதற்காக ஒப்பந்தம் போட்டாலே வேலை வந்துவிடும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007இலும் இப்படி ஒரு கூட்டுத் திட்டம் வந்தது. நாடு முழுக்க 1,396 அரசு ஐடிஐகள், ஒவ்வொன்றுக்கும் 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன், தொழில்துறையைச் சேர்ந்தவர் தலைமையில் நிர்வாகக் குழு. நான் அப்போது போய்ப் பார்த்த ஓர் இடத்தில் புது இயந்திரம் பாலித்தீன் உறையோடு நின்றது. குழுத் தலைவர் கையெழுத்துப் போட மட்டும் வருவாராம். ஒரு தரப்பு பணம் போட்டு மறு தரப்பு பெயர் மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

அதனால் சேர்வதற்கு முன் நேரில் போங்கள். எல்லாப் பிரிவும் எல்லா ஐடிஐயிலும் இருக்காது. பிஎல்சி சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, போன வருஷப் பிள்ளைகள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே அவர்களைக் கம்பெனியே எடுத்ததா, ஒப்பந்தக்காரர் எடுத்தாரா என்றும் கேளுங்கள். சில இடங்களில் பயிற்சியாளர் என்று பெயர் வைத்து வருஷம் முழுக்கப் பெட்டி அடுக்க விடுவார்கள். அப்ரண்டிஸ் என்றால் பதிவு செய்த ஒப்பந்தமும் சட்டப்படி உதவித்தொகையும் கடைசியில் சான்றிதழும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கூலி வேலை. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடன் இல்லாத கையில் வருகிற சம்பளம் அது.

பட்டம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பிளஸ் டூ கணிதப் பிரிவு என்பதால் பிறகு நேரடியாகப் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷத்தில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருஷத்துக்கும் போகலாம். இருபத்திரண்டு வயதில் அவனுக்கே வேண்டும் என்று தோன்றினால், அவன் சம்பாத்தியத்தில் போகட்டும்.

கடைசியில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "கல்யாணப் பேச்சில் ஐடிஐன்னு சொன்னா..." பையனுக்கு வயது பதினேழு அம்மா. அந்தப் பேச்சுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கிறது, தோப்பை வாங்குகிறவர் முன்பணத்தோடு வருவதோ வெள்ளிக்கிழமை. எதை முதலில் நிறுத்த வேண்டும்?

அப்பா பத்திர நகலை மடித்துப் பைக்குள் வைத்தார். மாமா கல்லூரிக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஐடிஐ பணிமனையைப் பார்க்கப் போகலாம் என்று முடிவானது. கிளம்பும்போது பையன் மட்டும் திரும்பி வந்து, "அந்த ரோபோவுக்கு த்ரீ ஃபேஸ்தானா சார்?" என்று கேட்டான். போய்க் கேட்டுப் பார் என்றேன்.