பார்க்கின்சன் வந்தால் வாசனை தெரியாமல் போகுமா?

"பார்க்கின்சன் வந்தவர்களுக்கு மூக்கும் மரத்துப் போகுமா? வேறு சிலர் இல்லாத நாற்றம் அடிக்கிறது என்கிறார்களே, அதுவும் நரம்புக் கோளாறுதானா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை. ரங்கூனில் மளிகைக்கடை வைத்திருக்கும் குடும்பம். அப்பாவுக்கு பார்க்கின்சன். வீட்டில் பட்டதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் சொல்கிறேன்.

போகும். பெரும்பாலானவர்களுக்குப் போகிறது. பலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே.

காளியம்மன் கோயில் பக்கத்துச் சந்தையில் அப்பாவின் மூக்கு பேர் போனது. சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்து ஒரு தடவை முகர்ந்தால் போதும், போன வருடத்துச் சரக்கா என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஆகாதது ஙாப்பி ஒன்றுதான். (வெளியூர்க்காரர்களுக்காக: மீனையோ இறாலையோ உப்புப் போட்டு ஊறவைத்து இடிக்கும் பர்மா விழுது.) என் மனைவிக்குச் சொந்த ஊர் மோல்மேன். அவள் ஙாப்பி போட்டு பாலாச்சவுங் என்ற இறால் வறுவல் வறுக்க ஆரம்பித்தால் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு கட்டத்தில் கிளம்பாமல் அங்கேயே உட்கார ஆரம்பித்தார். "மாமா மனசு மாறிட்டாங்க" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அதே சமயம் கடைக்குப் பழைய சரக்கு வந்து விழ ஆரம்பித்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

4 வருடம் கழித்து வலது கை நடுங்கியது. வாசனை எல்லாம் தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை. மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்தால் இன்னமும் தும்முவார், வெங்காயம் உரித்தால் கண் கலங்கும். மூக்கு வேலை செய்கிறது என்றுதானே நினைப்பார்? வாசம் வேறு, நெடி வேறு என்று நாமே பிரித்துத்தான் சொல்கிறோம். உடம்பிலும் அவை இரண்டு வழி. வாசத்தை மூளைக்குக் கொண்டுபோவது முகர்வு நரம்பு. மிளகாயின் காரமும் யூகலிப்டஸ் தைலத்தின் குளுமையும் முகத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் ட்ரைஜெமினல் நரம்பு வழியாகப் போகின்றன. அப்பாவுக்கு முதல் வழி அடைத்துப்போய், இரண்டாவது திறந்திருந்தது. கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூளை நீட்டியபோதுதான் எங்களுக்கே உறைத்தது.

ஏன் மூக்கு முதலில்? ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் திரண்டு கட்டியாகிவிடுவது இந்த நோயின் அடையாளம். மூக்குக்கு மேலே இருக்கும் முகர்வுக் குமிழிலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் அது தொடங்கி மேலே பரவுகிறது என்று 2003இல் ஹைக்கோ பிராக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் குழு சொன்னது. எல்லா நோயாளிக்கும் அந்த வரிசை பொருந்துவதில்லை, ஆனால் எங்கள் வீட்டுக் கதைக்குப் பொருந்துகிறது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையால் அப்பாவின் கை கொஞ்சம் அடங்கியது. மூக்குக்கு அது ஒன்றும் செய்யவில்லை, பொதுவாகவே செய்வதில்லையாம்.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்ற நர்ஸ், கணவரின் உடம்பு வாசனை மாறியதை அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிவதற்குப் பல வருடம் முன்பே கண்டுபிடித்திருக்கிறார். தோலில் சுரக்கும் எண்ணெயில் அந்த மாற்றம் இருப்பதை மான்செஸ்டர் ஆய்வாளர்கள் பிறகு உறுதிசெய்தார்கள்.

இல்லாத நாற்றம் பற்றி: திடீரென்று ரப்பர் கருகுவதுபோல் ஒரு வாடை, சில வினாடியில் போய்விடும், திரும்பத் திரும்ப அதேபோல் வரும் என்றால் மூளையில் டெம்போரல் லோப் என்ற பகுதியில் தொடங்கும் வலிப்பாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் நரம்பு டாக்டரைப் பாருங்கள். ஆனால் சைனஸ், கொரோனாவுக்குப் பிந்தைய கோளாறு என்று சாதாரணக் காரணங்களும் உண்டு. ஒற்றைத் தலைவலி இன்னொரு ரகம்: அதில் வாசனை போவதில்லை, சகிக்க முடியாமல் போகிறது. என் அக்காவுக்கு வலி வரும் நாளில் பூஜை அறையில் ஊதுபத்தி கொளுத்த முடியாது.

அதனால் வாசனை தெரியவில்லை என்றாலே பார்க்கின்சன் என்று பயந்துவிடாதீர்கள். சளி, வயது, சைனஸ்தான் அதிகம். வாசனை போனதோடு மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசுவது எல்லாம் சேர்ந்தால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது சாப்பாடு. இங்கே கரண்ட் போகும் வரும், ஃபிரிட்ஜை நம்ப முடியாது. கெட்டுப்போன மீன்குழம்பை அப்பா ருசித்துச் சாப்பிட்டு இரண்டு நாள் படுத்துவிட்டார். இப்போது பாத்திரத்தில் தேதி எழுதி ஒட்டுகிறோம். கேஸ் அடுப்பு இருந்தால் வாசனை தெரியாதவர்களைத் தனியே சமைக்க விடாதீர்கள், கசிந்தால் வாடை தெரியாது.

முகர்வுப் பயிற்சி ஒன்று உண்டு: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். பார்க்கின்சன்காரர்களுக்கும் ஓரளவு பலன் தெரிந்ததாக ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. அப்பா மூன்று வாரம் செய்துவிட்டு, "கிராம்பு விற்கிறவனுக்கே கிராம்பு பாடமா?" என்று டப்பாவை மூடிவிட்டார்.

சீரகம் முகர்வது இப்போது என் வேலை. எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. நான் திணறும்போது அப்பா இரண்டு மணியை வாயில் போட்டு மென்று பார்ப்பார், பிறகு வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்துத்தான் விலை பேசுவார்.