ஆண்டு அனுபவிக்கத்தானே வீடு?

கேள்வி: ஷார்ஜாவில் கணக்காளராக இருக்கிறேன். அப்பாவின் ஆசைப்படி ஊரில் வீடு கட்டி, இரண்டு வருடங்களுக்கு முன் கிரகப்பிரவேசம் செய்தோம். அப்பா அதைப் பார்க்க இல்லை. வாசலில் பளிங்குக் கல் பதித்து, 'அப்பாவின் கனவு ஃப்ரூயிஷனுக்கு (fruition) வந்தது' என்று ஆங்கிலத்தில் பொறிக்க நினைக்கிறேன். ஆசிரியராக இருக்கும் என் மைத்துனர், "அது ஃப்ரூட்டிலிருந்து வந்த வார்த்தை, மரம் காய்ப்பதற்குத்தான் சொல்வார்கள்" என்கிறார். யார் சொல்வது சரி? வீட்டை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். சோஃபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், பின்பக்க அறையிலேயே படுத்துக்கொண்டு, அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார். மாடிச் சாவி எங்களிடம் இருக்கிறது.

பதில்: தம்பி, வாக்கியத்தில் தப்பில்லை. பல வருட ஆசையோ முயற்சியோ கைகூடுவதை இன்றைய ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் 'ஃப்ரூயிஷனுக்கு வந்தது', 'ஃப்ரூயிஷனுக்குக் கொண்டுவந்தார்' என்ற இரண்டு விதமாகத்தான் அது புழங்கும். நேற்று நினைத்து இன்று முடிந்த காரியத்துக்கு யாரும் சொல்வதில்லை. கனவுக்குத் தாராளமாகப் பொருந்தும்.

மைத்துனர் சொல்வது பாதிதான் சரி. லத்தீனில் 'ஃப்ருயி' என்றால் அனுபவிப்பது. பழத்தைக் குறிக்கும் ஃப்ரூட்டும் அதே வேரில் முளைத்ததுதான். ஆனால் ஃப்ரூயிஷன் பழத்திலிருந்து பிறக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாகத் தனியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. கையில் கிடைத்ததை அனுபவிப்பது என்பதுதான் நெடுங்காலம் அதன் பொருள். 1590-ல் அச்சான, ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் தாம்பர்லேன் நாடகத்தில், மகுடம் சூடி ஆளும் இன்பத்துக்கு இந்தச் சொல்தான் வருகிறது. 1755-ல் வந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியும் அனுபவித்தல், உடைமை, அதனால் வரும் இன்பம் என்றே பொருள் சொல்கிறது. காய்ப்பது, கைகூடுவது என்பதெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் ஃப்ரூட்டின் சாயலைப் பார்த்து வந்து ஒட்டிக்கொண்டவை.

உங்கள் மனையின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று எழுதியிருக்கும். ஃப்ரூயிஷனின் பழைய பொருள் அச்சு அசலாக இதுதான்.

சரி, உங்கள் வீட்டை யார் ஆண்டு அனுபவிக்கிறார்கள்? சோஃபாவின் உறை இரண்டு வருடமாகப் பிரிக்கப்படவில்லை. வீட்டுக்கு மூத்தவர் பின்பக்க அறையில் படுக்கிறார். இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்களே! பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போன பிள்ளைகள் பெரிய வீடாகக் கட்டிவிட்டுப் பெற்றவளைக் காவலுக்கு வைக்கும் கதை எனக்கு வரும் கடிதங்களில் ஓயாமல் வருகிறது. அம்மா தானாகத்தான் அப்படி இருக்கிறார் என்பீர்கள். ஒரு கீறல் விழுந்தால் மகன் மனசு கஷ்டப்படும் என்று அந்த அம்மாளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மாடிச் சாவியை அவரிடம் கொடுக்காமல் விமானம் ஏற்றிக்கொண்டு போன நாளிலேயே, இது உன் வீடு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. நீங்கள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்பா எதற்காக வீடு வேண்டும் என்றார்? தன் மனைவி கடைசிக் காலத்தில் சொந்தக் கூரையின் கீழ் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பது அதில் இல்லாமலா இருக்கும்? மாதாமாதம் பணம் அனுப்புவதோடு மகனின் கடமை முடிந்துவிடுகிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் நல்ல காற்றும் வெளிச்சமும் வரும் அறை எதுவோ, அது முதலில் பெற்றவளுக்கு. மிச்சம்தான் மற்றவர்களுக்கு.

இன்று ராத்திரி போன் செய்யுங்கள். "உறையைப் பிரித்துப் போடும்மா, கறை பட்டால் படட்டும்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். முன்பக்க அறைக்கு அவர் கட்டிலை மாற்ற உள்ளூரில் இரண்டு ஆட்களை ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஹாலில் வந்து உட்கார்ந்து சாயங்காலம் பேசிவிட்டுப் போகட்டும். அடுத்து ஊருக்குப் போகும் நண்பர் யாராவது இருந்தால், அவர் கையில் மாடிச் சாவியைக் கொடுத்தனுப்புங்கள்.

பளிங்குக் கல்லுக்கு அவசரமில்லை. அடுத்த விடுமுறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதலாம் என்று அவரையே கேளுங்கள். அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருக்கட்டும்.