அமெரிக்காவில் 45 வயதைக் கடந்த மென்பொருள் பொறியாளரை வயதைக் காரணமாக்கி வேலையிலிருந்து நீக்க முடியுமா?

சட்டப்படி முடியாது. 1967-இல் இயற்றப்பட்ட வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், குறைந்தது 20 பேர் பணிபுரியும் நிறுவனங்களில் 40 வயதை எட்டியவர்களைப் பாதுகாக்கிறது. நிரூபிப்பதுதான் பெரும்பாடு. வயது பல காரணங்களுள் ஒன்றாக இருந்தால் போதாது, அது இல்லையேல் நீக்கமே நடந்திராது என்று காட்ட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. இது தொழிலாளருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே கருதுகிறேன்.

ஆகவே, ஆட்குறைப்பின்போது கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி, வயதுப் பாகுபாட்டு வழக்குத் தொடுக்கமாட்டேன் என்ற ஒப்பந்தத்தை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். பலரை ஒருசேர நீக்கும்போது, 40 வயதை எட்டியவர்களுக்கு யோசிக்க 45 நாள்களும், கையெழுத்திட்டபின் மனம் மாற 7 நாள்களும் தரவேண்டும் என்கிறது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். அத்துடன், நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடக்கும் பிரிவில் நீக்கப்பட்டவர்கள், தக்கவைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் பதவியையும் வயதையும் பட்டியலிட்டுத் தர வேண்டும். ‘மூத்த பொறியாளர், 52, நீக்கம், மூத்த பொறியாளர், 31, நீடிப்பு’ என்பதுபோல் வரிக்கு வரி வந்தால், அந்தத் தாளோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.