சுரங்கத் தண்ணீரில் இருந்து உலோகத்தைப் பிடிப்பது: கேள்வி பதில்

கேள்வி: சுரங்கத்தில் இருந்து வரும் தண்ணீர் ஏன் அமிலமாக இருக்கிறது?

பதில்: பெரும்பாலும் பைரைட்தான் காரணம். இந்த இரும்புச் சல்பைடு பூமிக்கடியில் இருக்கிற வரைக்கும் சாது. வெட்டியெடுத்துக் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகிறது, பாக்டீரியாவும் சேர்ந்து வேகத்தைக் கூட்டிவிடும். அந்த அமிலம் பாறையில் உள்ள தாமிரம், துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்து இழுத்து வருகிறது.

கேள்வி: அப்படியே ஆக்டிவேட்டட் கார்பனில் விட்டால் போதாதா சார்? வீட்டு வடிகட்டியில் அதுதானே இருக்கிறது?

பதில்: போதாது. அங்கே அதற்கு வேலை குளோரின், நாற்றம், கரிமப் பொருள். இங்கே பிடிக்க வேண்டியது நேர்மின் அயனிகளை, பிஹெச் 3 அளவுக்கு அமிலமான தண்ணீரிலோ ஹைட்ரஜன் அயனிகள் முன்னாடியே வந்து கார்பன் பரப்பில் எல்லா இடத்தையும் பிடித்து உட்கார்ந்திருக்கும். அதனால் முதலில் சுண்ணாம்பு போட்டு பிஹெச்சை ஏற்றி, படிகிற உலோகத்தைப் படிய விட்டு, மிச்சத்தைத்தான் பரப்புக் கவர்பொருளிடம், அதாவது தன் பரப்பில் உலோகத்தை ஒட்டவைத்துப் பிடிக்கிற பொருளிடம், விட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். இரும்பை எடுக்காமலே, பயோசார் (தாவரக் கழிவைக் கரியாக்கியது) நிரப்பின ஒரு குழாயில் தண்ணீர் விட்டேன், மூன்றாம் நாள் சொட்டுகூட இறங்கவில்லை. திறந்தால் மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஆரஞ்சு நிறச் சேறு இறுகிக் கிடக்கிறது, அதற்குக் கீழே பயோசார் போட்டபடியே கறுப்பாக இருக்கிறது!

கேள்வி: நான் படித்த கட்டுரையில் ஒரு கிராம் கவர்பொருள் 50 மில்லிகிராம் துத்தநாகத்தைப் பிடிக்கும் என்று போட்டிருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போடலாமா?

பதில்: போடலாம், நம்பாதீர்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராம் துத்தநாகம் என்றால், அந்தக் கணக்குப்படி 1 கிலோ பொருள் 2,500 லிட்டருக்கு வரும். நாளுக்கு 1 லட்சம் லிட்டர் வந்தால் தினம் 40 கிலோ. ஆனால் இந்த மாதிரி எண்கள் பெரும்பாலும் துத்தநாகம் மட்டும் கலந்த, செறிவு அதிகமான ஆய்வகக் கரைசலில் எடுத்தவை. நிஜத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம், மாங்கனீசு எல்லாம் போட்டிக்கு நிற்கும், செறிவும் குறைவு, பிடிப்பு சரசரவென்று இறங்கிவிடும். உங்கள் தண்ணீரையே குழாயில் ஓட்டி, எத்தனை லிட்டர் தாண்டினதும் வெளியே உலோகம் எட்டிப்பார்க்கிறது என்று பாருங்கள், எனக்கு அந்த ஒரு எண் போதும்.

கேள்வி: ஆர்சனிக்கும் இப்படித்தானா?

பதில்: இல்லை, கிட்டத்தட்ட நேர் எதிர். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்சனேட் எதிர்மின் அயனி, அதற்கு இரும்பு ஹைட்ராக்சைடு குருணை நன்றாக வேலை செய்யும். ஆனால் பிஹெச் ஏற ஏறப் பிடி தளரும், துத்தநாகத்துக்காக 9 வரை ஏற்றிய தண்ணீரை அப்படியே அதில் விட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவில் இருந்தால் இன்னும் வம்பு, அதற்குப் பெரும்பாலும் மின்சுமையே கிடையாது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து ஆர்சனேட்டாக்கிவிட்டு அப்புறம் வடிகட்டுங்கள்.

கேள்வி: இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுக்கிற கைட்டோசான்?

பதில்: தாமிரத்தை நன்றாகப் பிடிக்கும். குறுக்கிணைப்பு செய்யாமல், அதாவது அதன் மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று கட்டாமல், அமிலத் தண்ணீரில் போட்டால் கரைந்தே போய்விடலாம், அவ்வளவுதான்.

கேள்வி: நிரம்பின பொருளை என்ன செய்வது?

பதில்: துத்தநாகம், தாமிரம் என்றால் நீர்த்த அமிலத்தில் கழுவித் திரும்பப் போடலாம், ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு கொஞ்சம் குறையும். ஆனால் கழுவின தண்ணீரில் அதே உலோகம் பல மடங்கு கெட்டியாக இருக்கும். அதை எங்கே கொண்டுபோவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டுத்தான் குழாயை நிரப்ப வேண்டும்.